ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரிந்த இதயக் குறை: பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் பிரசவம். இப்போது 22ஆம் வாரம் நடக்கிறது. கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கிறோம். சென்ற வாரம் ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்தபோது, மருத்துவர் கருவியை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதியிலேயே எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. இதயத்தின் நான்கு அறைகளும் சரியாக இருப்பதாகவும், ஆனால் இதயத்திலிருந்து புறப்படும்போது ஒன்றையொன்று குறுக்காகக் கடக்க வேண்டிய இரண்டு பெரிய குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் இணையாகப் போவதாகவும் சொல்லி, கருவின் இதயத்துக்கென்று தனியாக எடுக்கும் எக்கோவைத் திருச்சியில் எடுத்து வரச் சொன்னார். நேற்று முன்தினம் எடுத்தோம். டி.ஜி.ஏ. என்று உறுதி செய்துவிட்டார்கள். உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி வலப்பக்கக் கீழறையிலிருந்தும், நுரையீரலுக்குப் போகும் தமனி இடப்பக்கக் கீழறையிலிருந்தும் புறப்படுகின்றனவாம். கீழறைகளுக்கு நடுவே ஓட்டையோ வேறு குறையோ இல்லை என்றார்கள்.

பிறந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்தே ஆக வேண்டும், நன்றாகச் செய்யும் இடங்களில் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து வளர்கிறார்கள் என்று இதய மருத்துவர் சொன்னார். பிரசவத்தை அந்த அறுவைச் சிகிச்சை நடக்கும் இடத்திலோ அதன் அருகிலோ வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். கர்ப்பத்தைத் தொடர வேண்டுமா என்பதைப் பற்றிய சட்ட விவரத்தையும் தம் கடமை என்று கூறி விளக்கினார். எங்களை எந்தப் பக்கமும் தள்ளவில்லை.

வீட்டில்தான் தெளிவு பிறக்கவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். என் அம்மா வீடு பாபநாசத்தில் இருக்கிறது. சென்னைக்கோ ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இங்கேயே பிரசவம் பார்த்துவிட்டு, பிறந்ததும் குழந்தையை ஆம்புலன்ஸில் கொண்டுபோனால் போதாதா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இப்படிப்பட்ட குழந்தைக்குச் சுகப்பிரசவம் ஆகாது, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. என் கணவர் என் தாய்மாமன் மகன். சொந்தத்தில் கட்டிக்கொண்டதால்தான் குழந்தைக்கு இப்படி ஆனதா? இந்த வழியை நடந்து கடந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.


மல்லிகைப்பந்தல்:

அன்புத் தங்கைக்கு. ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே சொற்களைக் கேட்டுவிட்டு, திருநெல்வேலிக்குத் திரும்பும் பேருந்தில் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தவள் நான். அந்தக் குழந்தை இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றவற்றை உங்களால் படிக்க முடியும் என்று எனக்குத் தெரியும்.

முதல் கேள்விக்கு என் பதில்: பிரசவம் சென்னையிலோ, பிறந்த குழந்தைக்கு இந்த அறுவையைத் தொடர்ந்து செய்யும் வேறு ஊரிலோதான் நடக்க வேண்டும். காரணத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும்படி இப்படிச் சொல்லிப் பாருங்கள். வயிற்றுக்குள் இருக்கும் வரை குழந்தை மூச்சு விடுவதில்லை. நஞ்சுக்கொடி வழியாக உங்கள் மூச்சே அதற்கும் மூச்சு. அதனால்தான் இதயத்தில் குழாய்கள் மாறியிருந்தும் குழந்தை உள்ளே நன்றாக வளர்கிறது, உதைக்கிறது. கொடியை அறுத்த பிறகுதான் சிக்கல் ஆரம்பமாகிறது. உடலுக்குப் போய்வரும் இரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் மறுபடியும் உடலுக்கே போகிறது. நுரையீரலுக்குப் போய்வரும் நல்ல இரத்தம் மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. ஒரே வீட்டில் இரண்டு மோட்டார் ஓடியும், ஒன்றின் தண்ணீர் மற்றொன்றின் தொட்டிக்குப் போய்ச் சேராத நிலை அது. இரண்டும் கலப்பதற்கு இருப்பவை இரண்டே வழிகள். ஒன்று, மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே இருக்கும் சிறு திறப்பு. மற்றொன்று, இரண்டு தமனிகளையும் இணைக்கும் குறுங்குழாய். எல்லாக் குழந்தைகளுக்கும் அது பிறந்த ஓரிரு நாட்களில் தானாக மூடத் தொடங்கிவிடும். அந்தக் குழாயை மூடவிடாமல் வைத்திருக்க ப்ராஸ்டகிளாண்டின் என்ற மருந்தைச் சொட்டு மருந்தாக ஏற்றுகிறார்கள். மேலறைத் திறப்பு சிறியதாக இருந்தால் தொப்புள்கொடி நாளம் வழியாகவோ தொடை நாளம் வழியாகவோ மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, அதன் நுனியில் உள்ள பலூனை ஊதி இழுத்துத் திறப்பை அகலப்படுத்துகிறார்கள். என் மகளுக்குப் பிறந்த நான்காவது மணி நேரத்தில் அதைச் செய்ய வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையில் பிறந்திருந்தால் அந்த நான்கு மணி நேரத்தில் எங்கே இருந்திருப்போம் என்று இன்றும் சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன்.

என் கணவர் வரலாற்று ஆசிரியர். கவலை வந்தால் படிப்பது அவர் சுபாவம். மருத்துவம் எதுவும் செய்யாமல் விட்டால் இக்குறையோடு பிறக்கும் 10 குழந்தைகளில் ஏறத்தாழ 9 பேர் ஓராண்டைத் தாண்டமாட்டார்கள் என்பதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார். பிறகு, அந்தப் பலூன் முறையை 1966இல் அமெரிக்காவில் ராஷ்கைண்ட் என்ற மருத்துவர் கொண்டுவந்ததையும், இரண்டு தமனிகளையும் வெட்டி இடம் மாற்றித் தைக்கும் அறுவையை 1975இல் பிரேசில் நாட்டின் ஜடேன் வெற்றிகரமாகச் செய்ததையும் படித்த அன்று, என்னை எழுப்பி உட்கார வைத்துச் சொன்னார். எனக்கு அந்தப் பெயர்கள் மனத்தில் நின்றுவிட்டன. சாமி படத்துக்கு விளக்கேற்றும்போது அவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் வரவேற்பறையையும் பார்க்காதீர்கள். பிறந்த குழந்தைகளுக்குத் தமனிகளை இடம் மாற்றும் இந்த ஸ்விட்ச் அறுவையை ஓர் ஆண்டில் எத்தனை முறை செய்கிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இக்கேள்விக்குக் கோபப்படமாட்டார். இரவு இரண்டு மணிக்குப் பிரசவமானால் பலூன் செய்யக்கூடியவர் எத்தனை நிமிடத்தில் வருவார் என்று கேளுங்கள். பிரசவ அறையும் குழந்தை இதயப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றனவா, இல்லையென்றால் நடுவில் எவ்வளவு தூரம் என்பதையும் கேளுங்கள். நாங்கள் 36ஆம் வாரத்திலேயே சென்னைக்குப் போய் மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்து, ஸ்டவ்வும் இரண்டு பாத்திரமும் வைத்துக்கொண்டு தங்கினோம். என் அம்மாவும் வந்து இருந்தார். அம்மா இருக்கும் இடம்தானே தாய்வீடு?

சுகப்பிரசவம் ஆகாது என்பது தவறு. இந்தக் குறைக்காக மட்டும் அறுவை செய்து எடுக்க வேண்டியதில்லை. எனக்கு 39ஆம் வாரத்தில் வலி வரவைத்துச் சுகப்பிரசவமாகவே நடந்தது. முழு மாதம் நிறைந்து, நல்ல எடையோடு பிறப்பது அறுவைக்கும் நல்லது.

எட்டாம் நாள் அறுவை நடந்தது. அதன் நுட்பமான பகுதி, இதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கும் நூல்போன்ற இரண்டு குழாய்களைப் பெயர்த்துப் புதிய இடத்தில் தைப்பதுதான் என்றார்கள். முடிந்த பின் முதல்முறை உள்ளே விட்டபோது, வீக்கம் வடியும் வரை நெஞ்சை மூடித் தைக்காமல் ஒரு படலத்தால் மட்டும் மூடி வைத்திருந்தார்கள். இப்படி இருக்கலாம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: அது பலருக்குச் செய்வதுதான், அதைக் கண்டு கெட்டது நடந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். மறுநாள் மாலை மூடிவிட்டார்கள்.


வைகைச் செவிலி:

பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகப் பணி செய்கிறேன். ஆம்புலன்ஸில் கொண்டுபோனால் போதாதா என்ற கேள்விக்கு, கொண்டுபோகும் பக்கத்திலிருந்து பதில் சொல்ல விரும்புகிறேன்.

ப்ராஸ்டகிளாண்டின் உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் அது சில குழந்தைகளுக்கு மூச்சையே நிறுத்திவிடும். ஆகவே அந்த மருந்து ஓடும்போது, தேவைப்பட்ட நொடியில் குழந்தைக்குச் செயற்கைச் சுவாசக் குழாய் போடத் தெரிந்தவர் வண்டியில் இருக்க வேண்டும். அந்த மருந்தைக் குளிரில் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதால் எல்லா மருத்துவமனைகளிலும் கையிருப்பில் இருப்பதில்லை. நாளம் கிடைப்பது கடினம். கிடைத்த நாளம் வண்டி குலுங்கலில் நழுவிவிடும். மூன்று கிலோகூட இல்லாத உடல் அரை மணி நேரத்தில் சில்லிட்டுவிடும். இவ்வளவையும் நெடுஞ்சாலையில் ஐந்து, ஆறு மணி நேரம் சமாளிக்க வேண்டும். சமாளித்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். சேர்க்க முடியாமலும் போயிருக்கிறது.

ஒரு குழந்தையை மறக்க முடியவில்லை. பிறந்த மூன்றாம் நாள், நகமும் உதடும் நீலம் பாரித்த நிலையில் தூக்கி வந்தார்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையில் இதயம் சரியாக இருப்பதாகவே எழுதியிருந்தது. காரணம் தெரியுமுன்பே குழந்தையின் இரத்தம் அமிலமாகி, சிறுநீரகம் ஓய்ந்துவிட்டது. அறுவை செய்யும் இடம் வரை போகவில்லை. சகோதரி, உங்களுக்கு இது தெரியவந்திருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தாய்க்குக் கிடைக்காத பதினெட்டு வாரங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. வயிற்றில் இருக்கும்போதே குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைவிடப் பாதுகாப்பான ஆம்புலன்ஸ் இல்லை.

பணத்தைப் பற்றி ஒன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குழந்தை பிறந்தபின் அலையாமல், பிறந்த குழந்தையை உங்கள் அட்டையில் எப்படிச் சேர்ப்பது, எந்தெந்தத் தாள் வேண்டும் என்பதை அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் பாலிசி இருந்தால் அதை நம்பிவிடாதீர்கள்; பல பாலிசிகளில் குழந்தை 90 நாள் ஆன பிறகே சேர்க்கப்படும். உங்கள் குழந்தைக்கு முதல் இருபது நாள்தான் முக்கியம்.


தென்னந்தோப்பு:

நான் ஒரு தந்தை. என் மனைவிக்கு இதைப் பற்றி எழுத இன்னும் கை வரவில்லை. அவளுடைய சம்மதத்தோடு நான் எழுதுகிறேன்.

எங்கள் குழந்தைக்கு இருந்தது வேறு குறை. இதயத்தின் இடப்பக்கம் முழுவதுமே வளரவில்லை; எச்.எல்.எச்.எஸ். என்பார்கள். உடல் முழுவதற்கும் இரத்தம் செலுத்த வேண்டிய அறையே இல்லாத நிலை. டி.ஜி.ஏ.வில் இருப்பதை இடம் மாற்றி வைக்கலாம். இதில் மாற்றி வைக்க எதுவும் இல்லை. இருக்கும் ஒரே கீழறையைக் கொண்டு உடலைப் பழக்குவதற்கு மூன்று கட்டமாக அறுவை செய்கிறார்கள். முதலாவது பிறந்த ஓரிரு வாரத்துக்குள், இரண்டாவது நான்கு முதல் ஆறு மாதத்தில், மூன்றாவது இரண்டு மூன்று வயதுக்கு மேல். அதற்குப் பிறகும் அது அரை இதயம்தான். நம் நாட்டில் முதல் கட்ட அறுவையைச் செய்யும் மையங்கள் மிகச் சில. மூன்று மருத்துவர்களைப் பார்த்தோம். மூவரும் வெவ்வேறு சொற்களில் ஒன்றையே சொன்னார்கள்.

23ஆம் வாரத்தில் நாங்கள் கர்ப்பத்தை முடித்துக்கொண்டோம். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட கடுமையான குறை இருந்தால் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடும், அதற்கு மேல் அரசு அமைத்த மருத்துவக் குழுவின் அனுமதியோடும் சட்டம் இடம் தருகிறது. குழுவும் மூன்று நாட்களுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். வயது வந்த பெண்ணாக இருந்தால் அவளுடைய ஒப்புதல் மட்டுமே போதும். கணவனுடைய கையொப்பமோ மாமியாருடைய கையொப்பமோ சட்டத்துக்குத் தேவையில்லை. இதைப் பல வீடுகளில் பெண்ணுக்கே சொல்வதில்லை என்பதால் இங்கே பதிகிறேன்.

சகோதரி, உங்கள் குழந்தையின் நிலை எங்களுடையதைப் போன்றதன்று. உங்களை அந்தப் பக்கம் அழைப்பதற்காக இதை எழுதவில்லை. 'இதயக் குறை' என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது என்பதற்காகவே எழுதுகிறேன். உறவினர் ஒருவர் எங்களிடம், 'அவர்கள் வீட்டுக் குழந்தை பிழைத்ததே, நீங்கள் ஏன் அவசரப்பட்டீர்கள்?' என்று கேட்டார். அந்தக் கேள்வி என் மனைவியை எவ்வளவு உடைத்தது என்பதைப் பார்த்தவன் நான். நாங்கள் அவனை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்கு வலிக்க வேண்டாம் என்றுதான் சொன்னோம்.


நெய்தல்:

தென்னந்தோப்பு ஐயாவுக்கு. எங்களுக்கும் அதே எச்.எல்.எச்.எஸ்.தான். நாங்கள் தொடர்ந்தோம், ஆனால் அறுவை வேண்டாமென்று முன்பே முடிவு செய்தோம். வலியில்லாமலும் குளிராமலும் பார்த்துக்கொண்டால் போதும் என்று மருத்துவரிடம் எழுதிக் கொடுத்தோம். எங்கள் மகன் நான்கு நாள் என் மடியில் இருந்தான். என் மாமனார் அவனுக்குப் பெயர் வைத்துக் காதில் மூன்று முறை சொன்னார். உங்கள் முடிவும் எங்கள் முடிவும் வேறு. இரண்டையும் எடுக்க வைத்தது ஒன்றே என்று நான் நம்புகிறேன். உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.


பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டில் தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை இன்னமும் அப்படியே இருக்கிறது. ஆகவே ஸ்கானில் கண்டுபிடித்த நாளிலிருந்து எங்களுக்கு இருந்த கேள்வி, பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது என்பது ஒன்றுதான்.

எங்கள் மகனுக்கு டெட்ராலஜி ஆஃப் ஃபாலட். கீழறைகளுக்கிடையே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியில் ஒடுக்கம். ஒடுக்கம் மிதமானது என்றபடியால் கொழும்புக்குப் போய்ப் பிரசவிக்கத் தேவையில்லை, இங்கேயே பெற்றெடுக்கலாம் என்று இதய வைத்திய நிபுணர் சொன்னார். அப்படியே நடந்தது, பத்து மாதத்தில் கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்தார்கள், ஒரு சதமும் வாங்கவில்லை. எனவே எந்த இதயக் குறையாக இருந்தாலும் தூர ஊருக்கு ஓட வேண்டும் என்று இதைப் படிக்கிற வேறு தாய்மார் எண்ணிவிடக் கூடாது. பிறந்த சில மணி நேரத்திலேயே தலையீடு தேவைப்படும் குறை எது, சில மாதம் பொறுக்கும் குறை எது என்பதை இதய வைத்தியரிடம் கேட்டு அறிந்த பிறகே பிரசவ இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். தங்கச்சி, உங்களுடையது பொறுக்காத வகை. நீங்கள் போகத்தான் வேண்டும்.

சின்ன வேண்டுகோள் ஒன்று. வைத்தியர் படம் வரைந்து விளக்கினால் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 400 கிலோமீட்டர் பயணத்தில் நான் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன்.


காவிரிக்கரை, ஒன்பது நாள் கழித்து:

எல்லோருடைய கடிதங்களையும் கணவரும் நானும் சேர்ந்து படித்தோம். செவிலி அக்கா எழுதியதை அவர் என் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினார். என் மாமியார் எனக்கு அத்தை. பிறந்தது முதல் என்னைத் தூக்கி வளர்த்தவர். கேட்டு முடித்ததும் எழுந்து போய்த் தம் இரண்டு வளையல்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சென்னையிலேயே பிரசவம் என்று முடிவாகிவிட்டது.

இப்போது வேறு குழப்பம். ஏழாம் மாதம் வளைகாப்பு வைப்பதா, வேண்டாமா? விவரம் தெரிந்தால் ஊரார் கண்படும், அனுதாபத்தோடு பார்ப்பார்கள் என்று அம்மா மறைக்கச் சொல்கிறார். சூரிய கிரகணத்தன்று நான் வெளியே போனதை ஒரு சித்தி ஏற்கெனவே நினைவுபடுத்திவிட்டார்.


ஆவாரம்பூ:

வளைகாப்பைக் கட்டாயம் வையுங்கள், அம்மா. அது குழந்தைக்கு வளையல் ஓசை கேட்கட்டும் என்று செய்வது. இந்தக் குழந்தைக்கும் காது இருக்கிறது. ஆனால் ஊரைக் கூட்ட வேண்டாம். உங்களைப் பார்த்து அழாமல் இருக்கக்கூடிய ஏழு பேரை மட்டும் அழையுங்கள்.


மல்லிகைப்பந்தல்:

ஆவாரம்பூ அம்மா சொல்வதில் ஒரு பாதியோடு எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் மறைத்தோம். அதன் விளைவாக, குழந்தை பிறந்த மூன்றாம் நாளில் 'இனிப்பு எங்கே?' என்று கேட்டு வந்த ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் என் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று ஆரம்பத்திலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. நெருங்கியவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பேசுவதற்கு என்று வீட்டில் ஒருவரை நியமித்துவிடுங்கள். இரத்தம் கொடுக்க ஆள் தேவைப்படும்போதும் அது உதவும்.


கருவிழி:

ஸ்கேன் துறையில் இருக்கும் மருத்துவர் நான். காவிரிக்கரை கேட்ட மூன்றாவது கேள்விக்கு இதுவரை யாரும் பதில் எழுதாததால் நான் எழுதுகிறேன். அது பதில் சொல்லாமல் விடக்கூடிய கேள்வியன்று.

உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 பேருக்கு ஏதேனும் ஓர் இதயக் குறை இருக்கிறது. சொந்தத்தில் மணந்தவர்கள், அயலில் மணந்தவர்கள், படித்தவர்கள், படிக்காதவர்கள் என எல்லா வீடுகளிலும் இது நிகழ்கிறது. அத்தை மகன், மாமன் மகள் போன்ற நெருங்கிய உறவில் மணக்கும்போது, எல்லாப் பிறவிக் குறைகளையும் சேர்த்துப் பார்த்தால், 100க்கு 2 அல்லது 3 என்றிருக்கும் வாய்ப்பு 4 முதல் 6 வரை உயர்கிறது என்பது உண்மை. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அதே கணக்கின் மறுபக்கம், அப்படி மணந்தவர்களின் குழந்தைகளிலும் 100க்கு 94 பேருக்கு மேல் குறையின்றிப் பிறக்கிறார்கள் என்பது. தனித்து வரும் டி.ஜி.ஏ.வுக்குப் பெரும்பாலும் எந்தக் காரணத்தையும் சுட்ட முடிவதில்லை. குரோமோசோம் கோளாறுகளோடும் அது அரிதாகவே சேர்ந்து வருகிறது. இதயம் உருவாகி முடிவது ஏறத்தாழ எட்டாவது வாரத்துக்குள். தாங்கள் கர்ப்பம் என்று பல பெண்களுக்கு உறுதியாகத் தெரியும் நேரத்தில் அந்த வேலை பாதிக்கு மேல் முடிந்திருக்கும். நீங்கள் தின்றதோ, தூக்கியதோ, கிரகணத்தன்று வெளியே போனதோ இதைச் செய்யவில்லை. அடுத்த குழந்தைக்கு இதயக் குறை வரும் வாய்ப்பு பொதுவாக 100க்கு 2 அல்லது 3 அளவில்தான் இருக்கும். அப்போது 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதய எக்கோவை மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மரபியல் ஆலோசகரையும் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் ஸ்கேன் மருத்துவரைப் பற்றி ஒரு சொல். நான்கு அறைகளை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதினால் டி.ஜி.ஏ. தப்பிப் போய்விடும், அறைகள் சரியாகவே இருக்கும். குழாய்கள் புறப்படும் இடத்தையும் மேலே மூன்று குழாய்கள் தெரியும் தளத்தையும் பொறுமையாகத் தேடினால்தான் அகப்படும். அவர் பேசாமல் திரையைப் பார்த்திருந்த அந்த நேரம் உங்கள் குழந்தைக்காகச் செலவழிந்த நேரம். வைகைச் செவிலி சொன்ன குழந்தைக்கு அது கிடைக்கவில்லை. இதை என் துறையினருக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன்.


காவிரிக்கரை, பல வாரங்கள் கழித்து:

வெகுநாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். 37ஆம் வாரத்தில் சென்னை வந்து சேர்ந்தோம். அம்மாவும் அத்தையும் சேர்ந்தே வந்தார்கள். 39ஆம் வாரம் தொடங்கிய மூன்றாம் நாள் சுகப்பிரசவமாகப் பெண் குழந்தை பிறந்தாள்; 2 கிலோ 900 கிராம். அழுதாள். அந்த அழுகையை நான் கேட்டேன். கொடியை அறுத்து என் கன்னத்தோடு ஒருமுறை ஒட்டிவிட்டு எடுத்துப் போனார்கள். பலூன் தேவைப்படவில்லை, மருந்தோடு சமாளித்தார்கள். ஒன்பதாம் நாள் அறுவை. காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனவர்கள் மாலை நான்கு மணிக்குத்தான் வெளியே வந்து பேசினார்கள். நெஞ்சைத் திறந்தே வைத்திருந்தார்கள். மல்லிகை அக்கா முன்பே எழுதியிருந்ததால் நான் அவள் நெஞ்சைப் பார்க்காமல் விரல்களைப் பார்த்தேன். நகங்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. பிறந்ததிலிருந்து அந்த நிறத்தை நான் பார்த்ததில்லை.

பதினான்காம் நாள் சுவாசக் குழாயை எடுத்துவிட்டார்கள். நடுவில் ஒருநாள் இதயத்துடிப்பு தாறுமாறாகி எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை. இன்று இருபத்திரண்டாம் நாள். மூக்குக் குழாய் வழியாக என் பாலை மூன்று மணிக்கொருமுறை 30 மில்லி கொடுக்கிறார்கள். நேற்று முதல்முறை நேரடியாக மார்பில் விட்டுப் பார்த்தோம். நான்கைந்து முறை உறிஞ்சிவிட்டு வியர்த்துக் களைத்து உறங்கிவிட்டாள். பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது சரிதானா? இதயத்தில் இன்னும் ஏதேனும் மீதம் இருக்கிறது என்று பொருளா?


வைகைச் செவிலி:

மனம் நிறைந்தது, சகோதரி. பெரிய அறுவைக்குப் பின் முதல் சில நாட்கள் பால் குடிப்பதே அவளுக்கு மலையேறுவதைப் போன்ற வேலை; களைப்பதும் உறங்கிவிடுவதும் எதிர்பார்த்ததுதான். ஆனால் வியர்வையை நீங்கள் கவனித்தது நல்லது. அதை நீங்களாகவே சரி என்று எண்ணிக்கொள்ளாமல் இன்றே காலைச் சுற்றில் மருத்துவரிடம் சொல்லுங்கள். எத்தனை நிமிடத்தில் வியர்க்கிறது, மூச்சு வேகமாகிறதா, நாளுக்கு எத்தனை கிராம் எடை ஏறுகிறது என்று ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதி வையுங்கள். தேவையென்றால் மறுபடியும் எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். மார்பில் பத்து நிமிடத்துக்கு மேல் முயல வேண்டாம். மீதியைக் குழாயிலேயே கொடுக்கட்டும். பால் கறந்து எடுக்கும் நேரத்தை மட்டும் இரவிலும் தவறவிடாதீர்கள்.


காவிரிக்கரை:

சுற்று முடிந்தது, அக்கா. எக்கோ எடுத்தார்கள், தையல் போட்ட இடங்களில் ஒடுக்கம் இல்லை, இதயம் நன்றாக அடிக்கிறது என்றார்கள். நீர் வெளியேறும் மருந்தின் அளவைச் சிறிது கூட்டியிருக்கிறார்கள். நோட்டு வாங்கிவர அத்தை கீழே போயிருக்கிறார்.